வேலைக் கொடுத்த தலைவன்

பங்குனி வெயில் ஏறும்போது பள்ளிகளில் திருப்புதல் தொடங்கிவிடும். தமிழ்ப் பாடத்தில் அது எப்படி நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். சொற்பொருள் ஒரு நாள், பிரித்து எழுதுக ஒரு நாள், அணி ஒரு நாள், வலி மிகும் இடமும் மிகா இடமும் இன்னொரு நாள். பிள்ளைகள் கோனார் உரையை மடியில் வைத்துக்கொண்டு ராகம் போட்டுப் படிப்பார்கள். மலர்முகம் உவமைத்தொகை, முகமலர் உருவகம் என்று கேட்ட மாத்திரத்தில் சொல்லுகிற பிள்ளை, தானாக ஒரு பத்தி எழுதச் சொன்னால் ‘மிகவும் அழகாக இருந்தது’ என்பதைத் தாண்டாது. இலக்கணம் வினாத்தாளுக்குள் மட்டும் நடமாடுகிற ஒன்று என்று அது முடிவுகட்டியிருக்கும்.

நான் ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்தில் நடுநிலை வகுப்புகளுக்குத் தமிழ் நடத்துகிறவன். என் திருப்புதல் முழுவதையும் ஒரு கதைக்குள் கொண்டுவந்துவிட்டேன். கதை நடக்கிற இடம் ஆதிச்சநல்லூர். எங்கள் பிள்ளைகளில் சிலர் அந்தப் பரம்பைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போகிறார்கள். பரம்பு என்றால் இங்கே அந்தச் சரளைக்கல் மேடுதான். 114 ஏக்கர். பயிர் ஏறாத நிலம். தாமிரபரணிப் பாசனத்தில் நெல்லும் வாழையும் தழைக்கிற மண்ணை விட்டுவிட்டு, விளையாத மேட்டில் இரும்புக்கால மக்கள் இறந்தவர்களைத் தாழியில் இட்டுப் புதைத்தார்கள்.

கதை எழுதும் யோசனை ஒரு பையன் கொடுத்தது. கோவில்பட்டி எழுத்தாளர் உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ நாவலை வகுப்பில் வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தோம். வைகைக் கரைக் கீழடியை வைத்து எழுதிய சிறார் நாவல்; 2023இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. ஆதன் என்பது கீழடிப் பானையோடுகளில் கீறியிருக்கிற பெயர். முடித்ததும் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: “நம்ம மாவட்டத்துக்காரரு வைகைக்குப் போயி எழுதிட்டாரு. நம்ம பரம்புக்கு யாரு சார் எழுதுவா?”

இரண்டு பக்கத்தில் எழுதினேன். பெயர் ‘வெண்ணியின் தாழி’. பொருநை என்கிற தாமிரபரணியின் கரையில் ஒரு குயவர் வீடு. பாட்டி இறந்துவிடுகிறாள். அப்பா தாழி வனைகிறார். அண்ணன் முத்துக் குளிக்கக் கொற்கைக்குப் போயிருக்கிறான். அவனுக்குச் செய்தி போகவேண்டும். ஊர்த் தலைவன் தாழிக்குள் வைப்பதற்காக ஓர் இரும்பு வேலைக் கொடுக்கிறான். வெண்ணி தன் பங்குக்குச் சின்னக் கலயம் ஒன்றில் நெல்லை நிரப்பி உள்ளே வைக்கிறாள். அவ்வளவுதான் கதை. இலக்கியத் தரம் என்று எதுவும் அதற்கு நான் கோரவில்லை. ஆனால் ஒவ்வொரு வாக்கியத்தையும் ஏதோ ஒரு பாடத்துக்காக வைத்திருக்கிறேன். அது வெளியே தெரியாமலும் பார்த்துக்கொண்டேன். தெரிந்தால் பிள்ளைகள் கதையை மூடிவிட்டுக் கோனாரைத் திறந்துவிடுவார்கள்.

முதல் வாசிப்பில் யாரும் பென்சிலைத் தொடக்கூடாது. இதில் நான் கண்டிப்பு. அருஞ்சொல் வந்ததும் நிறுத்திப் பொருள் சொல்லுகிற பழக்கம் நம் கையோடு பிறந்தது, அதை அடக்கவேண்டும். பாட்டி செத்துக் கிடக்கிறாள், அந்த நேரத்தில் ‘கலயம்: சிறு பானை’ என்று கரும்பலகையில் எழுதினால் அழுகிற பிள்ளையின் வாயைப் பொத்துவது மாதிரி ஆகிவிடும். கலயம் என்ன என்று கதையே சொல்லிவிடுகிறது. நெல் கொள்கிறது, சிறுமியின் கைக்குள் அடங்குகிறது, தாழிக்குள் போகிறது. இதற்கு மேல் அகராதி என்ன சொல்லப்போகிறது?

இரண்டாம் முறை, சொல்வதை எழுதுதல். அதில் ஒரு வாக்கியம்: தலைவன் வெண்ணியின் தந்தைக்கு வேலைக் கொடுத்தான். வாசித்துவிட்டு நோட்டுகளைப் பார்த்தால் பாதிப் பேர் ‘வேலை கொடுத்தான்’ என்று எழுதியிருப்பார்கள். நான் திருத்துவதில்லை. “சரி, அடுத்து என்ன நடந்திருக்கும், ரெண்டு வரி எழுதுங்க” என்பேன். ஒற்று போட்டவர்களின் கதையில் தந்தை வேலைக் கையில் வாங்கி, தாழியின் ஓரமாகச் சாய்த்து வைக்கிறார். ஒற்று போடாதவர்களின் கதையில் மறுநாள் காலை அவர் வேலைக்குப் போகிறார். இரண்டையும் வாசிக்கச் சொன்னால் வகுப்பு சிரித்து ஓயாது. “பாட்டி செத்த அன்னைக்கு அப்பாவுக்கு வேல கெடச்சிட்டு சார்!”

ஓர் எழுத்து. அதற்குள் இரும்புக்கால ஈட்டி முனை ஒன்று காணாமல் போய்விட்டது. இரண்டாம் வேற்றுமை விரியில் வலி மிகும் என்ற விதியை அதற்குப் பிறகுதான் கரும்பலகைக்குக் கொண்டுவருகிறேன். காது முதலில் கேட்டிருக்கவேண்டும். ‘வேலைக் கொடு’ என்பதில் நாக்கு நின்று அழுந்துகிறது, ‘வேலை கொடு’ என்பதில் நழுவுகிறது. இதைக் கேட்டுப் பழகிய பிள்ளைக்கு ‘நெல்லைக் குத்தினாள்’, ‘நெல் குத்தினாள்’ இரண்டும் ஏன் வேறு மாதிரி ஒலிக்கின்றன என்று கேட்டால் அதுவே சொல்லிவிடும். முதுமக்கள் தாழி சேர்த்து எழுதும்போது முதுமக்கட்டாழி ஆவதையும் அதே மூச்சில் முடித்துவிடலாம். மக்கட்டொகை ஏற்கெனவே சமூக அறிவியல் வகுப்பில் கேட்டதுதான்.

அடுத்து, சொற்கள். பிள்ளைகளிடம் கதையை நீட்டி எழுதச் சொல்வேன்: வெண்ணியின் வீட்டில் அன்று காலை. ஒரு நிபந்தனை மட்டும். அந்தக் காலத்தில் இல்லாத எதுவும் வரக்கூடாது. உடனே எழுதிக் குவிப்பார்கள். வெண்ணி ஜன்னலைத் திறந்தாள். அலமாரியிலிருந்து பானையை எடுத்தாள். அம்மா குழம்புக்கு மிளகாய் வத்தல் அரைத்தாள். தம்பி கொய்யாமரத்தில் ஏறினான். அப்புறம்தான் வேட்டை. ஜன்னல், அலமாரி, மேசை, சாவி எல்லாம் போர்ச்சுக்கீசியரோடு வந்து இறங்கிய சொற்கள். அவர்கள் இந்த முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்தது 16ஆம் நூற்றாண்டில். மிளகாய், கொய்யா, தக்காளி, மக்காச்சோளம் எல்லாம் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். அவையும் ஐரோப்பியர் கப்பல் வழியாக வந்தவைதான். ஒரு பெண் நம்பவே மறுத்தாள். “வத்தலே இல்லாமயா சார் கொழம்பு வச்சாவ? எப்படி ஒறைக்கும்?” மிளகு இருந்ததே என்றேன். மிளகாய் என்ற பெயரே மிளகின் சாயலில் பிறந்தது என்பதை அவளே கண்டுபிடித்து எல்லோருக்கும் அறிவித்தாள்.

ஜன்னல் போனால் வெண்ணியின் வீட்டுக்கு வெளிச்சம் எப்படி வரும்? சாளரம், பலகணி, காலதர் என்று பாடப்புத்தகத்தில் தூங்கிக்கொண்டிருந்த சொற்கள் அப்போது எழுந்து வருகின்றன. கொய்யா போன இடத்துக்கு நாவல் வருகிறது, பனை வருகிறது. அலமாரிக்கு உறி. பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடம் விசாரித்துவிட்டு வந்து, எனக்கே தெரியாத பானைப் பெயர்களைச் சொல்வதுண்டு. சொல்வளம் என்று தலைப்பிட்டுப் பத்துச் சொற்களை எழுதிப்போட்டால் இது நடக்காது. கதையில் ஓர் ஓட்டை விழுந்து அதை அடைக்க ஒரு சொல் தேவைப்பட்டதால் நடக்கிறது. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லிவிடுவேன்: ஜன்னலும் சாவியும் இன்று நம் சொற்கள்தாம், வீட்டில் தாராளமாகப் புழங்கலாம், வெண்ணிக்கு மட்டும் அவை தெரியாது. இதைச் சொல்லாவிட்டால் நாலு பிள்ளைகள் அம்மாவின் பேச்சைத் திருத்தக் கிளம்பிவிடும்.

உவமைக்கும் அதே நிபந்தனைதான். வெண்ணி கண்ணால் பார்த்திருக்கக்கூடியதைக் கொண்டுதான் உவமை சொல்லவேண்டும். ரயில் போல ஓடினாள், பஞ்சுமிட்டாய் போல மேகம் எல்லாம் கிடையாது. அவள் எதையெல்லாம் பார்த்திருப்பாள்? ஆதிச்சநல்லூரில் கிடைத்த வெண்கலப் பொருள்களில் எருமை, சேவல், மான் உருவங்கள் உண்டு. 2004–05 அகழாய்வில் கிடைத்த பானையோடு ஒன்றில் ஒரு பெண், மான், கொக்கு, நெற்கதிர் ஆகியவற்றைப் புடைப்பாக ஒட்டியிருக்கிறார்கள். அவ்வளவும் அந்த ஊர்க்காரர்கள் பார்த்து, பிடித்துப்போய், கையால் செய்து வைத்தவை. அதுதான் எங்கள் உவமைக் கிடங்கு. ‘பாட்டி கொக்குபோலக் கழுத்தை நீட்டி வழி பார்த்தாள்’ என்று ஒருவன் எழுதினான். நன்னூல் சொல்லும் 12 உவம உருபுகளையும் மனப்பாடமாக ஒப்பித்த பிள்ளை அவன் இல்லை. அவனுக்கு ‘போல’ ஒன்றுதான் தெரியும். அந்த ஒன்று போதும் என்பது என் கட்சி.

உருவகத்தில் ஒரு முறை நல்ல சண்டை வந்தது. தலைவனின் வேல் எப்படி உருவானது என்று எழுதும்போது, ‘உலையில் இரும்பு செந்நிற ஆறாக ஓடியது’ என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். அருமையான வரி. ஆனால் பழங்கால உலைகளின் சூட்டில் இரும்பு உருகி ஓடாது. கசடு கலந்த துளைத்துளையான கட்டியாகத்தான் வெளியே வரும். அதைப் பழுக்கக் காய்ச்சி அடித்து அடித்துத்தான் வேலாக்கவேண்டும். உருகி ஓடுவது வெண்கலம். அதை அச்சில் வார்த்துத்தான் சேவலும் எருமையும் செய்தார்கள். வரியை அழிக்க அவளுக்கு மனம் வரவில்லை, எனக்கும் வரவில்லை. கடைசியில் வேலை விட்டுவிட்டு, வெண்கலச் சேவல் வார்க்கிற இடத்துக்கு அந்த ஆற்றைத் திருப்பிவிட்டாள். வேலுக்கு வேறு உருவகம் தேடினாள். உருவகம் என்பது இஷ்டத்துக்குச் சொல்லுவது, அதில் சரி தவறு கிடையாது என்று ஆசிரியர்களே சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

முத்து விஷயத்தில் இந்தக் கரைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரவே வேண்டாம். முத்துக் குளிப்பு இங்கே 1961க்குப் பிறகு நடக்கவில்லை என்றாலும் பேச்சில் அது ஓயவில்லை. குளிக்கிறவனின் கயிற்றை மச்சான்தான் பிடிக்கவேண்டும் என்று தூத்துக்குடியில் சொல்லாத வீடு இல்லை. தங்கை தாலி அறுக்கக்கூடாதே என்று அவன் கவனமாகப் பிடிப்பானாம். வெண்ணியின் அண்ணன் பகுதியில் ‘முத்துப்பல்’ என்றும் ‘பல்முத்து’ என்றும் ஒவ்வோர் இடத்தில் வைத்திருக்கிறேன். முத்துப்பல்லில் நாம் பார்ப்பது பல். முத்து அதற்குத் துணை. பல்முத்தில் பல்லே முத்தாகிவிட்டது, பறித்து மாலை கோக்கலாம். உவமைத்தொகைக்கும் உருவகத்துக்கும் இதற்கு மேல் விளக்கம் தேவைப்பட்டதில்லை.

தாழி என்று வந்துவிட்டால் புறநானூற்றின் இரண்டு பாட்டுகளைச் சொல்லாமல் விடமுடியாது. இரண்டும் குயவரைப் பார்த்துப் பேசுபவை. 256ஆம் பாட்டில் கணவனை இழந்த ஒருத்தி, வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலில் ஒட்டிக்கொண்டு வந்த சிறு பல்லியாகத் தன்னைச் சொல்லி, அவனுக்குச் செய்கிற தாழியைத் தனக்கும் சேர்த்துப் பெரிதாகச் செய்யச் சொல்லுகிறாள். பாடியவர் பெயர் தெரியவில்லை. 228இல் ஐயூர் முடவனார், இறந்துபோன சோழன் கிள்ளிவளவனுக்குத் தாழி செய்ய உலகையே சக்கரமாகவும் பெரிய மலையையே மண்ணாகவும் கொள்ள முடியுமா என்று குயவரைக் கேட்கிறார். ஒன்று பல்லி அளவுக்குச் சின்னது, மற்றது உலகம் அளவுக்குப் பெரியது. துக்கம் ஒன்றுதான். பல்லியை ஏன் சொன்னாள் என்று கேட்டால் பிள்ளைகள் தயங்காமல் சொல்கிறார்கள்: “வண்டி எங்க போகுதுன்னு பல்லிக்குத் தெரியாதுல்லா சார்.” மேல்நிலை வகுப்புக்குரிய பாட்டுகள் என்பார்கள். கதையாகச் சொன்னால் ஏழாம் வகுப்புக்கே நன்றாகப் புரிகிறது.

இவ்வளவும் ஒரு பக்கம். வரலாற்றுக் கதையை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு உண்மையான காரணம் வினைமுற்று.

வேறெந்தக் கதையிலும் ‘அவள் அழுதாள்’ என்றால் அழுதாள்தான். வரலாற்றுக் கதையில் ஒவ்வொரு வினைமுற்றையும் நிறுத்தி வைத்து ‘உனக்கு எப்படித் தெரியும்?’ என்று கேட்கலாம். மூன்றாம் வாசிப்பில் அதைத்தான் செய்கிறோம். மண்ணுக்குள்ளிருந்து வந்த செய்திக்கு அடியில் மைக்கோடு. ஊகத்துக்கு அடியில் பென்சில் கோடு. தாழியில் இட்டுப் புதைத்தார்கள்: மை. இரும்பு வேல் வைத்தார்கள்: மை. நெல் வைத்தார்கள்: மை, பக்கத்துச் சிவகளையில் தாழிக்குள் இருந்த நெல்லுக்கே கி.மு. 1155 என்று காலம் கணித்திருக்கிறார்கள். வெண்ணி அழுதாள்: பென்சில். வெண்ணி என்ற பெயரே பென்சில்.

அண்ணனிடம்தான் வகுப்பு திணறும். கொற்கையில் 1968–69இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழ்ந்தபோது கிடைத்த கரித்துண்டு கி.மு. 785ஐக் காட்டியது. ஆதிச்சநல்லூரில் 2004–05இல் எடுத்த மாதிரிகளின் காலம் கி.மு. 905, கி.மு. 696 என்று 2019இல் வெளிவந்தது. எழுத்தாளர் முத்தாலங்குறிச்சி காமராசு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் தொடுத்த வழக்கில் மத்திய அரசுத் தரப்பு சொன்ன தகவல் அது. ஆகவே இரண்டு ஊரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் இருந்தன என்பது மை. ஆனால் கொற்கைப் பக்கம் முத்துக் குளித்ததைத் தெளிவாக எழுதி வைத்த பெரிப்ளுஸ் என்ற கிரேக்க நூல் கி.பி. 1ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. வெண்ணியின் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியது. எனவே அண்ணன் முத்துக் குளித்தான் என்று எழுதக்கூடாது, குளித்திருக்கலாம். அந்த நூல் தண்டனைக் கைதிகளைக் கொண்டு முத்தெடுத்ததாகச் சொல்கிறது என்றதும் ஒருவன் பதறிப்போனான்: “அப்போ வெண்ணி அண்ணன் ஜெயிலுக்குப் போனவனா சார்?”

பென்சில் கோடு விழுந்த வினைமுற்றுகளை அடுத்த நாள் மாற்றி எழுதுகிறோம். குளித்தான், குளித்திருப்பான், குளித்திருக்கலாம், குளித்திருக்கக்கூடும், குளித்தான் என்பர், குளித்தான் போலும். இவற்றுக்குள் எவ்வளவு படிநிலை! துணைவினை என்ற தலைப்பில் இவற்றைப் பட்டியலாகக் கொடுத்தால் எல்லாம் ஒன்றாகத்தான் தெரியும். எவ்வளவு உறுதியாகத் தெரியுமோ அவ்வளவுக்கு ஏற்ற வினையைத் தேர்ந்தெடு என்றால், பிள்ளை நிறுத்தி யோசிக்கிறது. எங்கள் ஊர்ப் பெருமை பேசுகிறவர்கள் மேடையில் ஆதிச்சநல்லூருக்குப் பத்தாயிரம் ஆண்டு என்று வாய் கூசாமல் சொல்லிவிடுவார்கள். அப்படி ஒருவர் பேசிவிட்டுப் போன பிறகு ஒரு சிறுமி என்னிடம் மெதுவாகக் கேட்டாள், “அது மையா பென்சிலா சார்?”

செயப்பாட்டுவினைக்கும் இதே பரம்புதான் பாடம். ‘ஆதிச்சநல்லூர்ப் பொருள்கள் 1876இல் பெர்லினுக்குக் கொண்டுசெல்லப்பட்டன.’ இதைச் செய்வினையாக்கச் சொன்னால் எழுவாய் இல்லாமல் பிள்ளைகள் விழிக்கிறார்கள். யார் கொண்டுபோனது? ஜெர்மானியரான ஜாகோர் கொண்டுபோனார். 1899 முதல் 1905 வரை தோண்டிய அலெக்சாண்டர் ரியா பொருள்களைச் சென்னைக்கு அனுப்பினார். அவை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பெயரைப் போட்டவுடன் வகுப்பில் சூடு ஏறிவிடுகிறது. “கேட்டுட்டுக் கொண்டு போனாரா சார்?” செய்தித்தாளில் எங்கெல்லாம் ‘பட்டது’ வருகிறதோ அங்கெல்லாம் ஆளைத் தேடச் சொல்லி வீட்டுப்பாடம் கொடுத்தேன், தலையங்கம் முதல் நகராட்சி அறிவிப்புவரை அடிக்கோடிட்டுக்கொண்டு வந்தார்கள். அதற்காகச் செயப்பாட்டுவினையே ஏமாற்று வேலை என்று சொல்லிவிடக்கூடாது. ‘இந்தத் தாழி மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் வனையப்பட்டது.’ வனைந்தவர் பெயர் நமக்குத் தெரியாது. அங்கே எழுவாயை விடுவதுதான் நேர்மை.

‘தாழிகள் கிடைத்தது’ என்று எழுதுவது இந்தக் கதையாலும் தீரவில்லை. கிடைத்தன என்று திருத்தித் திருத்திக் கை ஓய்ந்ததுதான் மிச்சம். அசை, சீர், தளைக்கும் கதை உதவாது. அதற்குத் தாளம் போட்டு வாய்பாடு சொல்லத்தான் வேண்டும். எழுத்துப் பிழைக்கும் தனியாக எழுதிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

கதை முடிந்த பிறகுதான் பரம்புக்குக் கூட்டிப்போவேன். 2023 ஆகஸ்ட் 5 அன்று திறந்த தளக் காட்சியகத்தில், அகழ்ந்த குழியிலேயே தாழிகளை விட்டுவைத்து மேலே கண்ணாடி பதித்திருக்கிறார்கள். குனிந்து பார்த்துவிட்டுப் பிள்ளைகள் தாங்களாகவே மை, பென்சில் என்று பேசிக்கொள்வதைக் கேட்கவேண்டும். கீழே கிடக்கிற பானையோட்டைப் பையில் போட்டுக்கொள்ளக் கை பரபரக்கும். அது பாதுகாக்கப்பட்ட இடம், ஒரு சில்லுகூட எடுக்கக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுவேன். எடுத்துவிட்டால் எந்த இடத்தில் கிடந்தது என்ற செய்தி போய்விடும், மையெல்லாம் பென்சிலாகிவிடும் என்றால் புரிந்துகொள்கிறார்கள்.

இதைப் படிக்கிற தமிழாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வெண்ணியின் கதையை வாங்கி உங்கள் வகுப்பில் நடத்தாதீர்கள். உங்கள் ஊரில் தாழி இல்லாவிட்டால் நடுகல் இருக்கும், மதகில் ஒரு கல்வெட்டு இருக்கும், பாழடைந்த சத்திரம் இருக்கும். அதைப் பற்றித் தொல்லியல் துறை என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் தேடிப் படியுங்கள். பிறகு இரண்டு பக்கத்துக்கு ஒரு கதை எழுதுங்கள். அடுத்த திருப்புதலுக்கு இன்னும் நாள் இருக்கிறது.